அந்தப் பன்னிரண்டு முட்டைகளுக்குள் என்ன இருக்கிறது? பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு பள்ளிப் படகுப் பயணம்

#1 நெய்தல்வாசி

சென்ற வாரம் மகளின் ஏழாம் வகுப்பைப் படகில் ஏற்றிப் பாஸ்டன் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருவன். நாற்பது பிள்ளைகள், நான்கு பெரியவர்கள், ஒரு வழிகாட்டிப் பெண். லாங் வார்ஃப் படகுத்துறையிலிருந்து கிளம்பினோம். யாரும் கம்பிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதும், குமட்டுகிற பிள்ளையைக் காற்று அடித்துச் செல்லும் பக்கம் அழைத்துப் போவதும் எனக்குக் கொடுத்த வேலை. இரண்டாவதை ஒருமுறை தவறாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். சட்டையைத் துவைத்துவிட்டேன்.

நடுவழியில் இயந்திரத்தை நிறுத்திப் பிள்ளைகள் கையில், நீர் எவ்வளவு தெளிவு என்று அளக்கும் செக்கி வட்டைக் கொடுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்பாகம், நடுவில் கயிறு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. கண்ணுக்கு மறைகிறவரை இறக்கி முடிச்சை எண்ண வேண்டும். என் மகள் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இன்னும் தெரிகிறது, இன்னும் தெரிகிறது" என்று ஏழாவது முடிச்சுவரை போனாள். மூன்றரை மீட்டர். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வழிகாட்டி நன்றாகப் பேசினார். பிரிட்டிஷ் வரியை எதிர்த்து 1773இல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது, கோட்டைகள், கலங்கரை விளக்கம் எல்லாம் வந்தன. பிறகு, "ஒரு காலத்தில் இது நாட்டிலேயே மிக அழுக்கான துறைமுகம் என்று பெயர் வாங்கியிருந்தது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்தோம்" என்றார். ஒரே வரி. அதற்குள் டியர் தீவு வந்துவிட்டது. கரையில் வரிசையாகப் பன்னிரண்டு ராட்சத முட்டைகள். என்ன அது என்று ஒரு பையன் கேட்டான். "கழிவுநீர் நிலையம்" என்றதும் படகு முழுக்க "சீ!" என்று ஒரே கூச்சல். அந்த நேரம் பார்த்து ஒரு கடல்நாய் தலையை நீட்டியது. அத்தோடு முட்டைக் கதை முடிந்தது.

இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, காலையில் நான் போனது இப்போது அந்த முட்டைக்குள் இருக்கிறதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "எல்லோரும் சேர்ந்து" என்ற அந்த வரியும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் என்றால் யார்? இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சாக்கடைப் பொறியாளன்

உங்கள் மகளின் கேள்விதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நான் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. ஆனால் இதே துறையில் முப்பது வருடம் ஓட்டியவன், அதனால்தான் இந்தப் புனைபெயர்.

காலையில் போனது இரவுக்குள் முட்டைக்குள் போயிருக்கச் சாத்தியம் குறைவு என்று அவளிடம் சொல்லுங்கள். வீட்டிலிருந்து நிலையம் போய்ச் சேரவே சில மணி நேரம். அங்கே முதலில் மணலும் குப்பையும் பிரியும். பிறகு பெரிய தொட்டிகளில் நீர் அசையாமல் நிற்கும். கனமானது அடியில் படியும், எண்ணெய் மேலே மிதக்கும். இது முதல்நிலை. அடுத்து ஆக்சிஜன் ஊட்டிய தொட்டிகளில் நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்னும். இது இரண்டாம் நிலை. நீர் ஒரு வழியே போய்விடும். அடியில் தங்கிய கசடு மட்டும்தான் முட்டைக்குப் போகிறது. அங்கே காற்றில்லாமல் இரண்டு மூன்று வாரம் புளிக்கும், நம் வீட்டு மாவு போல. பொங்குவதற்குப் பதில் மீத்தேன் வரும். அதை எரித்து நிலையத்துக்கே வெப்பமும் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய 40 மீட்டர் உயரம், 30 லட்சம் கேலன் கொள்ளும். ஏன் முட்டை வடிவம் என்றும் கேட்பாள். மூலை இருந்தால் மணல் சேரும், கசடு உறைந்துபோகும். மூலையில்லாத கலனில் கலக்குவது எளிது. புளித்த கசடு குழாய் வழியே பக்கத்து நகரமான குவின்சிக்குப் போய், அங்கே உலர்த்தப்பட்டு உர உருண்டையாகிறது. அந்த உரத்தில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கின்றனவா என்ற கவலை இப்போது எல்லா ஊரிலும் எழுந்திருக்கிறது. அது தனி இழைக்கான விஷயம்.

நீர் எங்கே போகிறது என்பதுதான் இதில் அழகான பகுதி. கடலடிப் பாறைக்குள் 9.5 மைல் நீளம், 24 அடி விட்டம் உள்ள சுரங்கம். கடைசி ஒன்றேகால் மைலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட செங்குத்துக் குழாய்கள் மேலெழும்பி, சுமார் 100 அடி ஆழ நீரில் பிரித்துப் பிரித்து விடுகின்றன. 2000 செப்டம்பர் 6 முதல் ஓடுகிறது. நாள்தோறும் சராசரியாக 35 கோடி கேலன், பெரும்பாலும் புவியீர்ப்பிலேயே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சுரங்கம் முடியும் தறுவாயில், செங்குத்துக் குழாய்களின் அடியில் பாதுகாப்புக்காகப் பொருத்தியிருந்த அடைப்புகளைக் கழற்ற வேண்டியிருந்தது. காற்றோட்டக் கருவிகளை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். 1999 ஜூலையில் ஐந்து முக்குளிப்பவர்கள் சுவாசக் கருவியோடு உள்ளே போனார்கள். சுவாசக் காற்று குறைந்து இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள். "எல்லோரும்" என்பதில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#3 குவின்சிப் பழசு

நான் குவின்சிக்கு வந்தது 1981இல். வொலாஸ்டன் கடற்கரைக்குப் பக்கத்தில் வாடகை வீடு. கடற்கரை பக்கத்தில் இருந்தும் வாடகை ஏன் குறைவு என்று முதல் கோடைக்காலத்தில் புரிந்தது.

1982இல் எங்கள் நகரத்தின் வழக்கறிஞர் வில்லியம் கோல்டன் அந்தக் கரையில் ஓடப் போனார். காலில் பிசுபிசு என்று ஒட்டியது. முதலில் கடல்ஜெல்லி என்று நினைத்திருக்கிறார். அது மனிதக் கழிவு. நேரே போய் வழக்குப் போட்டுவிட்டார். நானும் அதே மணலில்தான் நடந்தேன், ஆனால் வழக்குப் போடத் தோன்றவில்லை, செருப்பைத்தான் கழுவினேன்!

அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? முதல்நிலையில் தண்ணீரிலிருந்து சிரமப்பட்டுப் பிரித்தெடுத்த அதே கசட்டை, ஓதம் (கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது) இறங்கும் நேரம் பார்த்து மறுபடி துறைமுகத்திலேயே கலந்துவிடுவார்கள். இறங்குகிற நீர் அதை வெளிக்கடலுக்கு இழுத்துப் போய்விடும் என்பது கணக்கு. ஓதம் ஏறும்போது அதில் ஒரு பங்கு வீடு திரும்பும். இது 1991 டிசம்பர்வரை நடந்தது. 1991! என் மூத்தவன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

#4 கணக்கன்

நெய்தல்வாசி கேட்டதற்கு நேரான பதில்: சுத்தம் செய்தது நீதிமன்றம், பணம் கட்டியது தண்ணீர் பில். "எல்லோரும் சேர்ந்து" என்பது பில் கட்டிய எல்லோரும் என்றால் மட்டும் சரி.

1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு கட்டாயம், கட்டுவதற்கு மத்திய அரசே பெரும்பங்கு மானியம் தரும். அப்போதே கட்டியிருக்கலாம். இங்கிருந்த அதிகாரிகளோ, எங்களுக்கு ஆழ்கடல் இருக்கிறது, இரண்டாம் நிலையிலிருந்து விலக்குக் கொடுங்கள் என்று மனுப் போட்டுக்கொண்டே பல வருடம் ஓட்டினார்கள். விலக்கும் கிடைக்கவில்லை, அதற்குள் மானியமும் வற்றிப்போனது. கடைசியில் ஆன செலவு ஏறக்குறைய 380 கோடி டாலர். அதில் மிகப் பெரும்பகுதி இந்த வட்டாரக் குடும்பங்களின் பில்லில் விழுந்தது. தொண்ணூறுகளில் இங்கே வீடு வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் பல்லைக் கடிப்பார்கள்.

குவின்சி வழக்கில் மாநில நீதிபதி பால் கேரிட்டி செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். சட்டமன்றம் அசையவில்லை. இனிமேல் புதிய சாக்கடை இணைப்பே கிடையாது என்று 1984இல் தடை போட்டார். இணைப்பு இல்லையென்றால் கட்டடம் எழும்பாது. துறைமுகத்துக்காக வாய் திறக்காத கட்டுமான முதலாளிகள் எல்லாம் சட்டமன்றத்தின் வாசலில் நின்றார்கள். தடை நிலைக்கவில்லை, ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் மாசசூசெட்ஸ் நீர்வள ஆணையத்துக்கான சட்டம் நிறைவேறிவிட்டது. தனி வருவாய், தனிக் கடன் வாங்கும் உரிமை, அரசியல்வாதி தயவு தேவையில்லை. பிறகு மத்திய நீதிமன்றத்தில் டேவிட் மஸோன் என்ற நீதிபதி கால அட்டவணை போட்டு, வருடக்கணக்கில் அறிக்கை வாங்கி வாங்கி வேலையை நடத்தினார்.

படகுப் பயணம் என்றால் இன்னொன்றும் உண்டு. 1988 அதிபர் தேர்தலில் மூத்த புஷ் இதே துறைமுகத்தில் படகேறி வந்து, எதிர்த்து நின்ற இந்த மாநில ஆளுநர் டுகாக்கிஸின் வீட்டு வாசலைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுப் போனார். அப்போது ஆணையம் வேலையைத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கேமராவுக்கு அது தெரியுமா?

#5 ஆறாம்வகுப்பு டீச்சர்

நான் வேறு பள்ளி, ஆனால் இதே பயணத்துக்கு நான்கு முறை பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். அந்த வழிகாட்டிப் பெண்ணுக்காகக் கொஞ்சம் பேச வேண்டும்.

கணக்கன் ஐயா, நீங்கள் எழுதிய பத்தியை ஆடுகிற படகில், காற்றில், பாதிப் பேர் முகம் வெளுத்து நிற்கும்போது படித்துக் காட்டிப் பாருங்கள். "விலக்கு மனு" என்ற இடத்திலேயே எல்லோரும் கடல்நாயைத் தேடப் போயிருப்பார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை படகிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு பொருள், ஒரு கேள்வி, அவ்வளவுதான். நெய்தல்வாசியின் மகள் இரண்டையும் கொண்டுபோயிருக்கிறாள்: ஏழாவது முடிச்சு, முட்டை. நான் இதை வெற்றி என்றே சொல்வேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கும் மனக்குறை உண்டு. டியர் தீவு வரும்போது சாக்கடைக் கதையாவது "சீ" என்ற அளவுக்கு வருகிறது. 1675 வருவதே இல்லை. அந்த ஆண்டு குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் மூண்டபோது, ஏற்கெனவே கிறித்தவம் தழுவி அமைதியாக இருந்த நிப்மக் மக்களையும் மற்றவர்களையும் அக்டோபரில் கொண்டுவந்து அந்தத் தீவில் அடைத்தார்கள். சுமார் 500 பேர். உணவில்லை, கூரையில்லை, பாஸ்டன் குளிர்காலம். பலர் பசியிலும் குளிரிலும் இறந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அக்டோபரில் அங்கே கூடி நினைவுகூர்கிறார்கள். 1847இல் பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் மக்களை நோய் பயத்தால் அதே தீவில்தான் இறக்கினார்கள். அங்கும் நூற்றுக்கணக்கான சாவு. பிறகு சிறைச்சாலை. அதற்கப்புறம்தான் முட்டைகள்.

ஊர் தனக்கு வேண்டாததை எல்லாம் தீவில் வைத்தது என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். அது அவர்களுக்கு உடனே புரிகிறது. ஸ்பெக்டகிள் தீவையும் சேர்த்துச் சொல்வேன். செத்த குதிரைகளை உருக்கும் ஆலை அங்கே இருந்தது, பின் 1959வரை நகரக் குப்பை. நகருக்கடியில் நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து அந்தக் குப்பைமேல் போர்த்தி, மரம் நட்டு, 2006இல் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் என் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். கீழே என்ன இருக்கிறது என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொல்வேன்.

#6 ஐஸ்ஹவுஸ்காரன்

சாக்கடையிலிருந்து கொஞ்சம் குளிர்ந்த பக்கம் திரும்பலாமா? நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி. மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் அந்த வட்டமான கட்டடத்தை இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோம், வட்டாரத்துக்குப் பெயர் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். அந்த ஐஸ் கிளம்பியது நெய்தல்வாசியின் படகு சுற்றிய இதே துறைமுகத்திலிருந்து. பாஸ்டனுக்கு வந்து ஆறு வருடம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது.

ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, குளிர்காலத்தில் உறையும் குளங்களை அறுத்து விற்றவர். கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃபிரெஷ் பாண்டில் குதிரை இழுக்கும் கலப்பையால் பனிக்கட்டியைச் சதுரம் சதுரமாகக் கீறுவார்கள். சார்ல்ஸ்டவுன் துறையில் கப்பலேற்றி, சுற்றிலும் மரத்தூள் திணிப்பார்கள். 1833இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன்னோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதப் பயணம், நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம்! சென்னைக் கிடங்கு 1842இல் எழுந்தது. பின்னாளில் அது வீடாக மாறி, 1897இல் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார்.

அடுத்த முறை பயணம் போனால் சார்ல்ஸ்டவுன் பக்கம் வரும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சுத்தமான குளத்து நீரை உலகத்தின் மறுபக்கம்வரை விற்ற ஊர், தன் வாசலில் இருந்த கடலை அப்படி வைத்திருந்தது.

#7 கணக்கன்

அருமை. ஒரு கொசுறு: கவர்னராகக் கோட்டையில் உட்கார்ந்து 1692வரை சென்னையை ஆண்ட எலிஹு யேல் பிறந்ததும் பாஸ்டன்தான். தேயிலையைப் பற்றியும் ஒரு திருத்தம், இந்த மன்றத்தில் அடிக்கடி தவறாக வருகிறது. 1773இல் கொட்டிய 342 பெட்டியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு, ஆனால் இந்தியத் தேயிலை அல்ல, சீனத் தேயிலை. அஸ்ஸாம் தோட்டங்கள் வந்தது அடுத்த நூற்றாண்டில்.

#8 உப்புக்காற்று

எல்லோரும் கைதட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் வேண்டாத கேள்வி கேட்கிறேன். தண்ணீர் நாறியபோது அதன் கரையில் இருந்தவர்கள் யார்? கிழக்கு பாஸ்டனிலும் தெற்கு பாஸ்டனிலும் கூலிக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள், புதிதாக வந்திறங்கியவர்கள். இப்போது அதே கரையில் கண்ணாடிக் கோபுரங்கள். வருடக்கணக்கில் பில் கட்டிச் சுத்தம் செய்த குடும்பத்துக்கு அங்கே ஓர் அறை வாடகைக்குக் கிடைக்குமா? அந்தக் கோபுரங்கள் நிற்கும் சீபோர்ட் வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் கடலாகவும் சேறாகவும் கிடந்து நிரப்பப்பட்ட நிலம் என்பதையும் மறக்க வேண்டாம். விமான நிலையம் மூன்று தீவுகளை விழுங்கியே விரிந்தது.

தண்ணீரும் தன் பங்கைக் கேட்கத் தொடங்கிவிட்டது. 2018 ஜனவரி 4 புயலில் 1978இன் பழைய உச்சத்தையும் தாண்டி ஓதம் ஏறியது. அக்வேரியம் ரயில் நிலையப் படிக்கட்டில் கடல் இறங்கி ஓடியதை நானே பார்த்தேன். லாங் வார்ஃப் அதற்கு நேர் மேலேதான்.

#9 கணக்கன்

உப்புக்காற்று, கோபம் நியாயம். ஆனால் தண்ணீர் நாறியே இருந்திருந்தால் அந்த ஏழைகளுக்கு லாபமா? வாடகை ஏறியது நகராட்சியின் குற்றம், நுண்ணுயிர்களின் குற்றம் அல்ல.

கரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1640களின் காலனிச் சட்டம், நிலச் சொந்தக்காரனுக்கு ஓதம் வடிகிற எல்லைவரை உரிமை கொடுத்தது. ஆனால் மீன்பிடிக்க, பறவை வேட்டையாட, படகோட்ட எவனும் வரலாம் என்றும் எழுதிவைத்தது. அதன் வழிவந்த சட்டத்தை வைத்துத்தான் இன்று கண்ணாடிக் கோபுரக்காரனும் தன் வாசலில் பொதுமக்கள் நடக்கப் பாதை விட வேண்டியிருக்கிறது. போய் நடங்கள். காவலாளி முறைத்தாலும் நடங்கள்.

#10 உப்புக்காற்று

பறவை வேட்டைக்குத் துப்பாக்கியோடு அங்கே போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. சரி, நடக்கிறேன்.

#11 குவின்சிப் பழசு

சுரங்கம் தோண்டும்போது கேப் காட் தீபகற்பத்து மக்கள் போட்ட சண்டையை யாரும் சொல்லவில்லை. உங்கள் அழுக்கை எங்கள் விரிகுடாவுக்குத் தள்ளுகிறீர்கள், திமிங்கிலங்கள் என்னாவது என்று கேட்டார்கள். மிக அரிதான ரைட் திமிங்கிலம் அந்தப் பக்கம் வந்து மேய்கிறது. அவர்கள் கேட்டதால்தான் இவ்வளவு கண்காணிப்பு வந்தது.

#12 சாக்கடைப் பொறியாளன்

உண்மை. உரிமத்திலேயே தொடர்ந்து அளக்க வேண்டும் என்ற நிபந்தனை. நீர், சேறு, மீன் எல்லாம். அஞ்சிய பெருங்கேடு விரிகுடாவில் வரவில்லை. துறைமுகத்துக்கு உள்ளே நடந்ததை மீனின் கல்லீரலில் பார்க்கலாம். சேற்றில் படுத்திருக்கும் தட்டை மீன் ஒன்று உண்டு. எண்பதுகளில் டியர் தீவுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து அறுத்தால் சிலவற்றின் கல்லீரலில் புற்றுக் கட்டிகள் இருக்கும். நிலைமை சீராகச் சீராக அந்தக் கட்டிகள் அற்றுப்போயின.

முழுச் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். பழைய தெருக்களில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய். பெருமழையில் அது தாங்காமல் வழியும். அந்த இடங்களைப் பெருமளவு அடைத்துவிட்டார்கள், மிச்சம் இருக்கிறது. மழைக்கு மறுநாள் செக்கி வட்டை இறக்கினால் ஏழாவது முடிச்சு கிடைக்காது.

#13 நெய்தல்வாசி

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். டீச்சர் சொன்னது சரி, "விலக்கு மனு" வந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். முக்குளிப்பவர்கள் பகுதியைச் சொல்லலாமா என்று யோசித்துச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அடைப்பைக் கழற்றும்வரை காற்றுக் கருவியை ஏன் விட்டுவைக்கவில்லை என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பள்ளியில் ஒரு வினாத்தாள் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது கேள்வி: "துறைமுகத்தைச் சுத்தம் செய்தவர்கள் யார்?" பதில் எழுத ஒரே ஒரு கோடு. ஓடப் போனவர், இரண்டு நீதிபதிகள், பில் கட்டியவர்கள், இரண்டு முக்குளிப்பவர்கள், நுண்ணுயிர்கள் என்று எழுதிக்கொண்டே போய், கோடு தீர்ந்ததும் தாளைத் திருப்பி ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறாள். "கட்டட முதலாளிகள்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இப்போது முட்டையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம். தீவுக்கு எப்படிப் போவது, படகு உண்டா?

#14 சாக்கடைப் பொறியாளன்

படகு வேண்டாம், பெயர்தான் தீவு. 1938 புயல் நடுவில் இருந்த கால்வாயை மணலால் தூர்த்துவிட்டது. விந்த்ரோப் என்ற ஊர் வழியாகக் காரிலேயே போகலாம். நிலையத்தைச் சுற்றிக் கடலோரமாகப் பொதுமக்களுக்கு நடைபாதை இருக்கிறது, கட்டணம் இல்லை. முட்டைகளை அண்ணாந்து பார்க்கலாம். நாற்றம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது, காற்றுதான் ஆளைத் தூக்கும். குழந்தைக்குக் காதை மூடுகிற தொப்பி எடுத்துப் போங்கள்.

#15 நெய்தல்வாசி

சனிக்கிழமை போகிறோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இம்முறை முதலிலேயே பார்த்துக்கொள்கிறேன்.